காலம் காட்டாத பெயர்கள்

வருடத்துக்கு நாற்பது நிமிடம்.
வியாழக்கிழமை, ஐந்தாவது பாடவேளை,
உடற்பயிற்சிக்கும் வீட்டுக்கும் நடுவே
எட்டாம் வகுப்பின் எதிர்காலம் வந்து போகும்.

ருமேனியாவில், ஜியூ பள்ளத்தாக்கின் ஒரு பள்ளியில்
ஸ்மரண்டா தொழில் வழிகாட்டி; மற்ற நாளெல்லாம் புவியியல்.
அவள் அலமாரியில் இருபத்தாறு கையேடுகள்.
கேள்வி அறுபது, விடை அ முதல் ஈ வரை,
கூட்டிப் பார்த்தால் ஒரு தொழில்.

கோஸ்மினுக்கு வந்தது:
சுரங்க மின்பணியாளர், நிலத்தடி.
வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது.
சுரங்கத்தின் வாயில் கான்கிரீட் ஊற்றிய வருடம்
அவர்களில் பாதிப்பேர் பிறந்திருக்கவில்லை.
எமெஷெக்கு: தந்திப் பதிவாளர்.
"தந்தி என்றால்?"
"கிட்டாரில் இருக்குமே" என்றது பின்வரிசை.

கோஸ்மின் மட்டும் சிரிக்காமல்
பின்னட்டையைத் திருப்பிக் காட்டினான்.
"இதை எழுதினவருக்கு
இப்போதும் வேலை இருக்கிறதா, டீச்சர்?"

அங்கே அச்சிட்டிருந்த எண்ணை
ஸ்மரண்டா அன்றிரவு அழைத்தாள்.
உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல்.
அந்தக் குரலுக்குப் பின்னாலும் ஆள் இல்லை.

நான் எழுதும் மொழியின் இலக்கணம் சொல்கிறது:
தொழிற்பெயர் காலம் காட்டாது.
வெட்டுதல், நெய்தல், ஓட்டுதல் —
நேற்றா நாளையா, அதனிடம் கேட்டுப் பயனில்லை.
காலம் தெரிய வேண்டுமானால்
வெட்டியவர், வெட்டுகிறவர் என்று
ஓர் ஆளை உள்ளே இறக்க வேண்டும்.

ஸ்மரண்டாவுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் மறுவாரம் பலகையில் எழுதினாள்:
செவ்வாய்க்கிழமை, பத்திலிருந்து பதினொன்று.
வேலையில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள்.
வேலையின் பெயர் வேண்டாம்.
என்ன செய்தார்? வினைச்சொற்கள் மட்டும்.

இருபத்தாறு பெற்றோர் கையெழுத்து கேட்டார் தலைமையாசிரியர்.
பத்தொன்பது வந்தது.

எமெஷெ மாடிவீட்டு லிவியாவிடம் போனாள்;
படுக்கையறையில் உட்கார்ந்து
ரோட்டர்டாம் செருப்புக் கடைக்குப் பதில் சொல்கிறவள்.
"மன்னிப்புக் கேட்டாள். தட்டச்சு செய்தாள். மன்னிப்புக் கேட்டாள்.
எழுந்து சூப்பைக் கிளறினாள்.
தன் பெயர் அன்னெகெ என்றாள்."

டோரின் மூடிய சுரங்கத்துக்கே போனான்.
அங்கே இன்னும் ஒருவர் இருக்கிறார்.
"குழாயைத் திறந்தார். மானியைத் தட்டினார்.
எண்ணை எழுதினார். எழுதியதை அடித்தார். மறுபடி அளந்தார்."
மூடி வைப்பதற்கும் ஆள் வேண்டும் என்பது
கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

செவிலியோடு வீடுவீடாகப் போன இலிங்காவின் தாளில்
ஊதச் சொன்னாள், குறித்தாள் என்பவற்றுக்குக் கீழே
சின்ன எழுத்தில்: பொய் சொன்னாள்.

கோஸ்மின் கைபேசியை எடுத்தான்.
அப்பா பொலோஞ்யாவுக்கு அப்பால் ஏதோ கிடங்கில், லாரிக்குள்.
ஒரு மணிநேரம் அழைப்பைத் துண்டிக்கவே இல்லை.

காத்திருந்தார்.
பின்னால் நகர்த்தினார்.
காத்திருந்தார்.
கையெழுத்துப் போட்டார்.
காத்திருந்தார்.
என் கணக்குப் பரீட்சையைப் பற்றிக் கேட்டார்.
காத்திருந்தார்.

அவன் வாசித்து முடித்தபோது
யாரும் மேசையைத் தட்டவில்லை.
"இதை எந்தப் பாடத்தில் சொல்லித் தருவீர்கள்?"
என்றாள் எமெஷெ. கேலியா, தெரியவில்லை.
நாற்பது நிமிடம் எப்போதோ தீர்ந்திருந்தது.
அடுத்த வேளைக்கு வந்த கணக்கு ஆசிரியர்
வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்,
கையில் சாக்பீஸ் டப்பாவோடு.

ஜூனில் மாவட்ட அலுவலகம் படிவம் அனுப்பியது:
மாணவர் பெயர். தேர்ந்தெடுத்த தொழில். ஒரே வரி.
"மறுபடி அளக்கிறவன்" என்று கேட்டான் டோரின்.
கணினி வாங்க மறுத்தது;
பட்டியலில் உள்ள பெயரை மட்டும்தான் அது விழுங்கும்.
ஸ்மரண்டா இருபத்தாறு முறை
'பிற' என்பதை அழுத்தினாள்.

கீழே 'குறிப்பு' என்றிருந்த கட்டத்தில் அவள் கேட்டது:
அடுத்த ஆண்டு எட்டுச் செவ்வாய்க்கிழமைகள்,
பேருந்துக் கட்டணம்.

இது அக்டோபர்.
ஒரு கையேடு ஜன்னலுக்கு முட்டாக நிற்கிறது.
இடைவேளையில் அவள் மின்னஞ்சலைத்
திறக்கிறாள்.
பார்க்கிறாள்.
மூடுகிறாள்.